ஓய்வுக்குப் பிறகு வரும் பிரேசில்

பெலே தமது கடைசி ஆட்டத்தை 1977 ஒக்டோபர் 1ஆம் திகதி நியூ ஜெர்சியில் கொட்டும் மழையில் ஆடி முடித்தார். முதல் பாதியில் நியூயோர்க் கொஸ்மொஸ் சட்டை, இரண்டாம் பாதியில் தம்மை வளர்த்த சாண்டோஸ் கழகத்தின் சட்டை. இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1979 ஏப்ரல் 13இல். இரண்டுக்கும் நடுவே பதினெட்டு மாதம். உலகமே பார்த்த ஆட்டக்காரர் என்று எழுதப்படும் அந்த மனிதரை, அவர் ஆடிய காலத்தில், இந்தத் தீவில் எவரும் தம் வீட்டுப் பெட்டியில் பார்த்ததில்லை.

பிரேசில் உதைபந்தாட்டம் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த கதை முழுக்க இப்படித்தான். ஆட்டக்காரர் ஓய்வு பெறுவார்; பிறகு நமக்கு வருவார். ஊடகம் மாறியது, வேகம் மாறியது, இந்த வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை. இன்று ரொனால்டினோவின் பழைய ஆட்டத் துண்டுகளைக் கைத்தொலைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளை, அவர் பார்சிலோனாவை விட்டுப் போன 2008இல் பிறந்திருக்கவே இல்லை.

இதை இறம்பொடையிலிருந்து பார்ப்பது வசதி. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவ வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 வீதி இங்கேதான் தன் வளைவுகளை எண்ணத் தொடங்குகிறது. ஒரு பக்கம் 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம், வெவன்டன் தோட்டத்து மேட்டில் சின்மயா மிஷனின் அனுமார் கோயில், சுற்றிலும் தேயிலை. கொத்மலை அணை சுவீடன் அரசின் உதவியோடு, ஸ்கன்ஸ்கா என்ற சுவீடன் நிறுவனத்தால் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்டது. பதினேழு வயதுப் பெலே ஆறு கோல் அடித்து உலகுக்குத் தெரியவந்த 1958 உலகக்கிண்ணம் நடந்ததும் அதே சுவீடனில். இந்த இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இறம்பொடைக்கும் அந்த உலகக்கிண்ணத்துக்கும் இடையில் இதைவிட நெருக்கமான உறவு வேறு கிடைக்கவும் இல்லை.

மலைநாட்டில் விளையாட்டு என்றால் நெடுங்காலம் அது துரைமாரின் விளையாட்டு. டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் 1868இலேயே தரவளையில் தொடங்கிவிட்டது. றதல்லையில் திம்புள கழகத்தின் மைதானம். கிரிக்கெட்டும் ரக்பியும் அங்கே நடந்தன. சரிவெல்லாம் தேயிலையாக இருக்கும் நாட்டில் சமதரை என்பது விலை உயர்ந்த பொருள். அதை உருட்டிப் புல் வளர்த்து வைத்திருக்க முடிந்தவர்கள் துரைமார் மட்டுமே. தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரட்டுக்களமும் லயத்து வாசலும். அதுவும் வேலைநேரம் போக மிச்சம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. பெலே சாண்டோஸை விட்டு விலகிய 1974இல் தோட்டங்களில் பஞ்சம். மறு ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை. உலக உதைபந்தாட்டச் செய்திக்குக் காது கொடுக்கும் காலமாக அது இருக்கவில்லை.

ஆனால் காதால் வளர்ந்த புகழ் மலைநாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. பிரேசிலிலேயே பெலேயின் புகழில் பாதி கேள்விப் புகழ்தான். தமது கோல்களிலேயே அழகானது என்று அவர் சொன்னது 1959 ஓகஸ்ட் 2ஆம் திகதி சாவோ பாவுலோவில், ருவா ஜவாரி என்ற சிறிய மைதானத்தில் யுவெண்டஸ் என்ற உள்ளூர் அணிக்கு எதிராக அடித்தது. தடுக்க வந்தவர்களின் தலைக்கு மேலாகப் பந்தை அடுத்தடுத்துத் தூக்கிக் கடந்து, கடைசியில் கோல்காப்பாளரையும் அப்படியே கடந்து தலையால் தட்டிவிட்டார் என்கிறார்கள். அதைப் படம் பிடித்தவர் யாரும் இல்லை. 1961இல் மரக்கானாவில் புளுமினென்ஸ் அணிக்கு எதிராக அவர் அடித்த இன்னொரு கோலை நினைவில் வைக்கப் பத்திரிகைக்காரர் ஒருவரின் யோசனையில் மைதானத்தில் பலகையே பதித்தார்கள். அதற்கும் ஓடும் படம் கிடையாது. பலகை பதிக்கத் தோன்றியதற்கே அதுதான் காரணமோ என்னவோ.

1970 உலகக்கிண்ணம் வண்ணத்தில் ஒளிபரப்பானது. மஞ்சள் சட்டை மஞ்சளாகவே தெரிந்த முதல் உலகக்கிண்ணம் அது. இலங்கையில் அப்போது கறுப்பு வெள்ளைக்கும் வழியில்லை.

துணைக்கண்டம் பெலேயை நேரில் கண்டது கல்கத்தாவில், 1977 செப்டெம்பர் 24இல். ஒரே வாரத்தில் ஓய்வு பெறப்போகிற, 37 வயதை எட்டப்போகிற பெலே. கொஸ்மொஸ் அணியை அழைத்து வந்தது மோகன் பகான் கழகம். கிரிக்கெட்டுக்குப் பெயர்போன ஈடன் கார்டன்ஸில் ஆட்டம். பெய்த மழையில் தரை சேறாகக் கிடந்தது. அந்தக் கால்களின் காப்புறுதியை நினைத்து பெலேயை இறக்கவே தயங்கினார்கள் என்றொரு பேச்சும் கல்கத்தாவில் இன்றுவரை உலவுகிறது. இறங்கினார். பி. கே. பானர்ஜி பயிற்றுவித்த மோகன் பகான் அணி 2-2 என்று சமன் செய்தது. 1970இல் பிரேசிலுக்குத் தலைமை தாங்கிய கார்லோஸ் அல்பர்ட்டோ கொஸ்மொஸுக்கு ஒரு கோல் போட்டார். மோகன் பகானுக்கு சியாம் தாபாவும் முகம்மது ஹபீபும். பெலே கோல் எதுவும் அடிக்கவில்லை. பெலேயின் முயற்சிகளைத் தடுத்த கோல்காப்பாளர் சிபாஜி பானர்ஜியின் பெயரும், பெலேயை நிழல்போல் ஒட்டி ஓடிய கௌதம் சர்க்காரின் பெயரும் வங்காளத்தில் தலைமுறை தாண்டிப் பேசப்படுகின்றன. கூட்டம் குறை சொன்னதாகத் தெரியவில்லை. அவர்கள் பார்க்க வந்தது அன்றைய ஆட்டத்தையே அல்ல. கேட்டு வைத்திருந்த ஆட்டத்தை.

தொலைக்காட்சி மலைக்கு வந்த விதம் வேடிக்கையானது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியபோது அதன் முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் நின்றது நுவரெலியாவுக்கு மேலே, தீவின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலையில். நாடு முழுவதற்கும் படம் போனது இறம்பொடைக்காரர்களின் தலைக்கு மேலாகத்தான். ஆனால் தோட்டத்து லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது மின்சாரம் கிடையாது. கோபுரம் பக்கத்தில், பெட்டி எங்கோ. அந்த ஆண்டின் யூலை 5இல் பார்சிலோனா நகரில் சிக்கோ, சோக்ரட்டீஸ், பல்காவோ, எடர் எல்லோரும் சேர்ந்த பிரேசில் அணி இத்தாலியிடம் 3-2 என்று தோற்று வெளியேறியது. கிண்ணம் வெல்லாமலே இவ்வளவு நேசிக்கப்பட்ட அணி இன்னொன்று இல்லை. அதை நேசிக்கும் பலர் அதைப் பார்த்தது வெகுகாலம் கழித்து, ஒளிநாடாவிலும் இணையத்திலும்.

பிரேசில் ஆட்டம் நல்ல வெளிச்சத்தில் வீட்டுக்குள் வந்தது என்றால் அது 2002. கொரியாவும் ஜப்பானும் நடத்திய அந்தப் போட்டியில் நேரம் நம் பக்கம் இருந்தது. யூன் 21, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி இலங்கை நேரத்துக்கு நண்பகல் 12.30க்குத் தொடங்கியது, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம். நாற்பது யார் தொலைவிலிருந்து ரொனால்டினோ உதைத்த பந்து கோல்காப்பாளர் டேவிட் சீமனின் தலைக்கு மேலே மிதந்து வலைக்குள் இறங்கியது. வேண்டுமென்று அடித்ததா, தப்பிப் போனதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சிவப்பு அட்டையும் கிடைத்தது. யூன் 30, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இறுதியாட்டம். ரொனால்டோ இரண்டு கோல் போட, ஜேர்மனியை வென்று ஐந்தாவது கிண்ணம்.

அதற்கு முன்னரே கொத்மலைக்கு இணையம் வந்துவிட்டிருந்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். 1989இல் இலங்கை வானொலியின் மகாவலி சமூக வானொலித் திட்டத்தின் கீழ் தொடங்கிய கொத்மலை வானொலியில், 1999இல் யுனெஸ்கோவின் துணையோடு ஒரு சோதனை நடந்தது. கேட்பவர்கள் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்ப வேண்டும். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கிடைத்த விடையை வானலையில் சொல்வார்கள். இணையத்தைக் காதால் படிக்கும் ஏற்பாடு. உலகெங்கும் தகவல் தொடர்பு ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டாக எழுதினார்கள். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடந்ததால் அடுத்த மலையிலிருந்த தோட்டத்துக்கு அதன் பயன் குறைவாகவே கிடைத்தது. அந்தக் கட்டுரைகள் இதற்கு ஒதுக்கிய இடமும் குறைவுதான். எப்படியானாலும், பெலே காலத்துக் கேள்வி ஞானத்துக்கும் ரொனால்டினோ காலத்துப் படத்துக்கும் நடுவே இப்படியொரு படி இருந்தது. வேறெந்த ஊரிலும் இது இவ்வளவு துலக்கமாகத் தெரியாது.

பிறகு 2005. யூடியூப் பிறந்து சில மாதம். நைக்கி நிறுவனம் ஒக்டோபரில் ஒரு விளம்பரப் படத்தை அதில் ஏற்றியது. ரொனால்டினோ தங்க நிறக் கோடு போட்ட புதிய சப்பாத்தை அணிகிறார். பந்தைக் காலில் தட்டிக்கொண்டே நடக்கிறார். பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் உதைக்கிறார்; பந்து திரும்பி வருகிறது; தரையில் விழாமல் வாங்கி மறுபடியும் உதைக்கிறார். மொத்தம் நான்கு தடவை. நவம்பரில் அது பத்து இலட்சம் பார்வையைத் தொட்டது. யூடியூப்பில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் படம் அதுவே என்று சொல்லப்படுகிறது. அதே நவம்பர் 19இல் மட்ரிட்டில், எதிரியின் கோட்டையிலேயே இரண்டு கோல் போட்ட அவருக்கு ரியல் மட்ரிட் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே மாதத்தில் மைதானத்துப் புகழும் திரைப் புகழும் உச்சிக்குப் போயின.

அந்த விளம்பரத்தில் கணினி வேலை கலந்திருக்கிறது என்பது பொதுவான கருத்து. அதற்கு ஓராண்டு முன்புதான், 2004இல், பெலேயைப் பற்றிய ஆவணப்படத்துக்காக அந்த ருவா ஜவாரி கோலைப் பார்த்தவர்களின் வாய்மொழியைக் கேட்டுக் கணினியில் வரைந்து உயிர்ப்பித்திருந்தார்கள். நடந்து படமில்லாமல் போன கோலுக்கு ஒரு படம். நடக்காத உதைக்கு இன்னொரு படம். இரண்டில் எது கூடுதலாகப் பார்க்கப்பட்டது என்று கேட்கவே தேவையில்லை. ரசிகனுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டும் இல்லை. நம்பத் தயாராக இருந்த மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

இணையத் துண்டுக்காகவே செய்தாற்போல் அமைந்தது ரொனால்டினோவின் ஆட்டம். ஒரு தற்காப்பாளர் தொண்ணூறு நிமிடமும் சரியான இடத்தில் நின்றார் என்பதைப் பதினைந்து விநாடியில் காட்ட முடியாது. ரொனால்டினோ பந்தை வெளிப்பக்கம் தள்ளி அதே தொடுகையில் உள்ளே இழுப்பதையும், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் பந்தைக் கொடுப்பதையும் காட்டலாம். சிரிப்பையும் காட்டலாம். போர்ட்டோ அலெக்ரேயில் அவர் சிறுவயதில் ஆடி வளர்ந்தது மணலிலும், சிறிய கூடத்தில் ஐவர் ஆடும் புட்சாலிலும். இடம் சுருங்கிய ஆட்டத்தில் பந்தைக் காலோடு வைத்திருப்பதே பாதி வித்தை. லயத்து வாசலில் ஆடிய பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை: உதை கொஞ்சம் பலத்தால் பந்து கானைத் தாண்டித் தேயிலைச் சரிவில் உருண்டுவிடும், உதைத்தவனே இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும்.

விளம்பரமும் ஆட்டத் துண்டும் மட்டும் அல்ல, கணினி விளையாட்டுகளும் ஒரு வாசல். 2006இல் வந்த புரோ எவலூஷன் சொக்கர் 6 என்ற விளையாட்டில் பிரேசில் ஆட்டக்காரர் அட்ரியானோவின் உதைப் பலத்துக்குக் கொடுத்த மதிப்பு 99. உண்மையான அட்ரியானோ தந்தையின் மரணத்துக்குப் பின் மனமுடைந்து, மெல்ல மெல்ல ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார். விளையாட்டுக்குள் இருந்தவருக்கு எந்தச் சோர்வும் வரவில்லை. அவர் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்திராத இளைஞர்கள் அவரை இன்னும் பேரரசர் என்று அழைக்கிறார்கள்.

நேரில் வருவதற்கும் வாய்ப்புகள் திறந்தன. 2014இல் இந்தியன் சுப்பர் லீக் தொடங்கியபோது சிக்கோ கோவா அணிக்குப் பயிற்றுநராக வந்தார். மறு ஆண்டு டில்லிக்கு ரொபர்ட்டோ கார்லோஸ், கோவாவுக்கு லூசியோ. சென்னையின் எப்.சி. அணிக்கு முதல் ஆண்டிலேயே, 2010 உலகக்கிண்ணத்தில் ஆடிய எலானோ. ஆட வந்தவர்கள் எல்லோரும் வந்தது ஆட்ட வாழ்வின் அந்தி வேளையில். இதில் எலானோ மட்டும் விருந்தாளியாக நடந்துகொள்ளவில்லை. முதல் பருவத்தில் எட்டுக் கோல் போட்டுத் தங்கக் காலணியை வாங்கினார். சென்னைக்கு பிரேசில் புதிதும் அல்ல. வடசென்னையின் வியாசர்பாடிக்குக் குட்டி பிரேசில் என்ற பெயர் நெடுநாளாக உண்டு. குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் மைதானத்திலும் நிறுத்தி வைக்க 1997இல் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் தொடங்கிய அமைப்பு முல்லை நகர் மைதானத்தில் தலைமுறைகளைப் பழக்கியது. சென்னையின் அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய தனபால் கணேஷ் அந்த வியாசர்பாடிக்காரர்.

ரொனால்டினோ 2016இல் இரண்டு தடவை தென்னிந்தியா வந்தார். ஜனவரியில் கோழிக்கோட்டில், இருபது ஆண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த நாக்ஜி கிண்ணப் போட்டியின் தூதராக. அங்கே நாற்சந்தியெல்லாம் கூட்டம். யூலையில் சென்னை நேரு உள்ளரங்கில், ஐவர் ஆடும் பிரீமியர் புட்சால் போட்டியில் கோவா அணிக்காக. பெங்களூருக்கு எதிரான ஆட்டத்தில் கோவா 7-2 என்று வென்றது. ஐந்து கோல் அவருடையவை. அதன்பிறகு பிரேசிலுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய இடத்துக்குக் காபூ வந்தார். ரொனால்டினோ முப்பத்தாறு வயதில், சற்றுப் பருத்த உடம்போடு, ஓடாமலே ஆடினார். சின்ன அரங்கு அவருக்குத் தாய்வீடு என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று அண்ணனும் முகவருமான அசிஸ் அறிவித்தது 2018 ஜனவரியில். கடைசியாகக் கழக ஆட்டம் ஆடி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்ததால் அறிவிப்பே ஒரு சடங்காக இருந்தது. 2020 மார்ச்சில் போலிக் கடவுச்சீட்டோடு பரகுவேக்குள் நுழைந்ததாக அண்ணனும் தம்பியும் கைதானார்கள். முப்பத்திரண்டு நாள் சிறை, பிறகு ஹோட்டலில் வீட்டுக்காவல், ஓகஸ்ட் கடைசியில் விடுதலை. சிறைக்குள் நடந்த புட்சால் போட்டியில் அவர் இறங்கிய அணி 11-2 என்று வென்றது. இங்கும் அவருக்கு ஐந்து கோல். பரிசு ஒரு பன்றிக்குட்டி. கைத்தொலைபேசியில் யாரோ எடுத்த அந்தப் படம் உலகைச் சுற்றியது. வேறொருவர் என்றால் அந்தக் கைதோடு பெயர் கெட்டிருக்கும். இவருக்கு அது இன்னொரு துண்டாகச் சேர்ந்தது. இன்ஸ்டகிராமில் இன்று அவரைப் பின்தொடர்கிறவர்கள் ஏழு கோடிக்கு மேல். இலங்கையின் சனத்தொகையைப்போல் மூன்று மடங்கு.

இணையம் மறைப்பதையும் சொல்ல வேண்டும். 2006 உலகக்கிண்ணத்தில் ரொனால்டினோ ஒரு கோலும் போடவில்லை. பிரேசில் காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்றது. அதன்பின் பார்சிலோனாவில் இரண்டு ஆண்டு இறக்கம். பயிற்சிக்குச் சரியாக வருவதில்லை என்ற புகார். 2008இல் பொறுப்பேற்ற பயிற்றுநர் கார்டியோலா அவரை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. உச்சத்தில் இருந்தது மொத்தமே மூன்று நான்கு ஆண்டு. இவை தேடினால் கிடைக்கும். தானாக வந்து நிற்பதில்லை. பெலேயின் புகழைக் காதால் வளர்த்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள். ரொனால்டினோவின் புகழை விரலால் வளர்ப்பவர்கள் வெட்டிக் காட்டுகிறார்கள். மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக 2005 மே 1இல் அடித்த முதல் லீக் கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் ரொனால்டினோ. இருபது ஆண்டு ஓயாமல் உழைத்த மெஸ்ஸிக்கும், நான்கு ஆண்டு மின்னிய ரொனால்டினோவுக்கும் திரையில் கிடைக்கும் விநாடிகள் ஏறக்குறைய ஒன்றே. ஆட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். பார்க்கிறவர்கள் யாரும் முறையிட்டதில்லை.

வரவும் நின்றபாடில்லை. 2023 ஒக்டோபரில் துர்க்கா பூசைக் காலத்தில் ரொனால்டினோ கல்கத்தா போனார். பந்தலுக்குப் பந்தல் நெரிசல். 2025 மார்ச் 30இல் சென்னை நேரு மைதானத்தில் பிரேசிலின் முன்னாள் வீரர் அணியும் இந்தியாவின் முன்னாள் வீரர் அணியும் மோதின. 1994இல் கிண்ணத்தைத் தூக்கிய துங்காவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. 2002இல் வென்ற ரிவால்டோவுக்கு ஐம்பத்திரண்டு. பிரேசில் 2-1 என்று வென்றது.